படுக்கை விரிப்பில் மண்

அன்பு மகன் லவானுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் தங்கை ரெனிதாவும் அவள் மகள் டெஸ்ஸாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். அங்கே நீ சுகமா என்று வழக்கமாக அடுத்த வரியில் கேட்பேன், இந்தத் தடவை கேட்கவில்லை. கேட்டால் நல்லா இருக்கேம்மா என்பாய், உனக்கு அதைத் தவிர வேறு பதில் வராது, அப்படி உன்னைப் பழக்கினவள் நான்தான். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நீ நெற்றியைச் சுருக்குவது இங்கிருந்தே தெரிகிறது. போனில் நீ நல்லா இருக்கேன் என்பாய், நான் சந்தோஷம் என்பேன், அங்கே மில்வாக்கியில் பனி எவ்வளவு, இங்கே மிசிசிப்பியில் மழை எவ்வளவு என்று பேசிவிட்டு வைத்துவிடுவோம். நாம் இருவரும் போனில் என்றைக்காவது உண்மை பேசியிருக்கிறோமா என்று உட்கார்ந்து யோசித்தேன், மழையையும் பனியையும் தவிர எதுவும் தேறவில்லை. அதனால் விரல் வலித்தாலும் பரவாயில்லை என்று எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கெளுத்தி மீன் அறுத்தே காலம் கழித்த கை என்று பொறுத்துக்கொள்.

முதலில் ஊர்ச் சேதியைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் நேரே மற்றதற்குப் போக எனக்குத் தைரியம் இல்லை. போன வாரம் பெய்த மழையில் வாய்க்கால் நிரம்பி ரோட்டுக்கு வந்துவிட்டது, என் கீரைப் பாத்தி முழுக்கத் தண்ணீரில் கிடக்கிறது. டெஸ்ஸா பள்ளி பேண்டு வாத்தியக் குழுவில் சேர்ந்து தன்னைவிட நீளமான ஒரு குழலை ஊதுகிறாள், ஊதினால் அடுத்த தெரு நாய் வரை எழுந்து குரைக்கிறது, ரெனிதாவுக்கோ மகள் பெரிய சங்கீத வித்வான் என்று நினைப்பு. சர்ச்சில் சிஸ்டர் யூலா என்னைப் பார்த்தாலே லவான் கால் எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள். புண்ணு கிண்ணு வந்துச்சா, விரல் மரத்துப் போகுதா என்று ஒவ்வொரு ஞாயிறும் விசாரணை. குற்றம் என்னுடையது. உன் வியாதியை நீ என்னிடம் சொன்ன வருஷம், மகனுக்கு என்ன உடம்புக்கு என்று சபையார் கேட்டபோது எச்.ஐ.வி. என்று சொல்ல நாக்கு எழும்பாமல் சர்க்கரை என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து உன் கால்களுக்காக நம் சபையே முழங்காலில் நிற்கிறது. யூலா உனக்கு அனுப்பச் சொல்லிச் சர்க்கரை போடாத கேக் ஒன்றை வேறு கொடுத்தாள், அதை நாய்க்கு வைத்தேன், அதுவும் முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள் உன் அம்மா என்று உனக்குத் தெரியாததா. அந்தப் பொய்யை எடுக்கச் சொல்லி நீ சொல்கிற நாளில் எடுப்பேன், வேண்டாம் என்றால் உன் கால்களுக்கே ஜெபம் நடக்கட்டும். அது உன் சேதி, அதை என் வாயால் முந்திக்கொண்டு சொல்லமாட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அலன்சோ எனக்குப் போன் செய்தான். நீ அவன்மேல் கோபப்படக் கூடாது, படுவதாக இருந்தால் என்மேல் படு. உன்னோடு ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் குடித்தனம் நடத்துகிற பிள்ளையை இத்தனை வருஷமாக உன்னோடு தங்கியிருக்கும் பையன் என்றுதான் நான் ஊராரிடம் சொல்லி வந்திருக்கிறேன். இந்தக் குளிரில் நீ நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் தூங்கியவன் அவன், பனி குறையட்டும் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு இங்கேயே உட்கார்ந்திருந்தவள் நான். பழைய துணிமணிகளைத் தர்மத்துக்குக் கொடுக்க எடுத்து வைத்தானாம். அலமாரிக்கு அடியில் நீ போடாமல் வைத்திருந்த பழைய பனிக்கால பூட்ஸைக் கவிழ்த்தால் மாத்திரைகள் சோள மணி மாதிரி தரையெங்கும் கொட்டினவாம். அவன் அழுதுகொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மிஸ் வெர்னெல், தினம் ராத்திரி என் கண்ணு முன்னாடிதான் வாயில போடறான், தண்ணி குடிக்கறான், ஆச்சுங்கறான். என் கண்ணையே இனிமே எப்படி நம்பறது?" உன்னைக் கேட்டதற்கு அதெல்லாம் தேதி போன பழைய மாத்திரை என்று நீ சிரித்தாயாம். அவன் முட்டாள் இல்லை லவான். உன் ரத்தத்தில் கிருமி ஏறிக்கொண்டே போகிறது, மாத்திரை தோற்றுவிட்டது என்று டாக்டர் நினைக்கிறார், வருகிற வியாழக்கிழமை உனக்கு இதைவிடக் கடுமையான வேறு மருந்துகளை எழுதப்போகிறார். மாத்திரை எங்க தோத்துச்சு, அத உள்ளயே விடலையே என்று அலன்சோ கேட்டான். புது மருந்தும் பூட்ஸுக்குள்தான் போகும், அடுத்த நிமோனியாவுக்கு அவன் நாற்காலிகூட வேண்டியிருக்காது என்று எனக்குப் புரிந்துவிட்டது. நீங்கள் கிளினிக் நர்ஸிடம் பேசுங்கள், அம்மா சொன்னால் எடுபடும் என்று கெஞ்சினான். நான் மாட்டேன் என்றேன். மனசு இல்லாமல் இல்லை, உன் வாய்க்குள் என் வார்த்தையைப் போட்டது போதும் என்று தோன்றியது.

அந்த நர்ஸ் மார்லிஸ் உன்னிடம் சின்ன வயதைப் பற்றிச் சில கேள்விகள் கேட்டாளாமே. வீட்டில் யாராவது அடித்தார்களா, குடித்தார்களா, பயந்துகொண்டே தூங்கினாயா, உன்னைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லாமல் இருந்ததா என்று. நீ ஒவ்வொன்றுக்கும் இல்லை மேடம், இல்லை மேடம் என்று சிரித்த முகமாகச் சொன்னாய் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அலன்சோ சொன்னான். வாசல் பூட்டில் சாவி திரும்புகிற சத்தம் கேட்டாலே நீ உட்கார்ந்துவிடுகிறவன் என்று அவனுக்குத் தெரியும், அவன் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கேள்வியெல்லாம் எதற்கு, வியாதிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் எரிச்சலாகக் கேட்டேன். "சின்ன வயசுல பட்டது ஒடம்புல தங்கிருமாம் மிஸ் வெர்னெல். அப்படி வளந்தவங்களுக்குத் தூக்கம், ரத்த அழுத்தம், மனசு எல்லாமே அடிபடுமாம், மருந்த விடாம சாப்பிடறதும் கஷ்டமாம். அதனாலதான் கேக்கறாங்க, குத்தம் சொல்ல இல்ல" என்றான். அப்படிப் பார்த்தால் இந்த மிசிசிப்பி டெல்டாவில் பாதிப் பேர் ஆஸ்பத்திரியில்தான் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். அப்புறம் பாத்திரம் கழுவும்போது நம் தெருவில் ஐம்பதைத் தாண்டாமல் போனவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். அவர்களைச் சின்னப் பிள்ளைகளாகவும் எனக்குத் தெரியும், அவர்கள் வீட்டில் நடந்ததும் தெரியும். நான் கழுவிய தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன்.

நீ அந்த நர்ஸிடம் சிரித்த சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று அலன்சோ சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. அதை உன் முகத்தில் ஒட்டியவள் நான். வெல்ஃபேர் ஆபீஸ்காரம்மா மிஸஸ் ஹார்க்னெஸ் நம் வீட்டுக்கு வரப்போகிறாள் என்று தெரிந்தால் முதல் நாள் நாம் விளையாடுவோமே, அது உனக்கு நினைவிருக்கும். நான் என் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை வைத்துக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மூக்கால் பேசியபடி அவளாக உட்காருவேன். நீயும் ரெனிதாவும் எதிரில் நிற்பீர்கள். கையில் அது என்ன காயம் தம்பி என்று கேட்பேன், படியில் விழுந்துவிட்டேன் மேடம் என்பாய். ராத்திரி உங்களோடு யார் இருக்கிறார்கள் என்பேன், அம்மாதான் மேடம் என்பாய். அப்போது என்னோடு குடித்தனம் நடத்தியவனைப் பற்றி, ஹோலிஸ் மாமா உங்களை அடிப்பதுண்டா என்பேன், அவர் எங்களுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தருவார் மேடம் என்பாய். சரியாகச் சொன்னால் ஒரு டீ கேக். ரெனிதா தடுமாறுவாள், நீ ஒரு தடவைகூடத் தடுமாறியதில்லை, உன் பங்கு டீ கேக்கில் பாதியை அவளுக்குக் கொடுப்பாய். மிஸஸ் ஹார்க்னெஸ் போகும்போது இவ்வளவு மரியாதையான பையனை நான் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள், எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்துத் தெரு லூவீனியாவின் பிள்ளைகளை வெல்ஃபேர்காரர்கள் ஆளுக்கொரு வீட்டுக்குப் பிரித்துக் கொண்டுபோனதை நான் பார்த்திருந்தேன், அவள் வாசலில் உட்கார்ந்து மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டதையும் பார்த்திருந்தேன். உங்களை அப்படிப் பறிகொடுக்கக் கூடாது என்று செய்தேன். அந்தப் பயம் பொய்யில்லை, அதற்காக உன்னைப் பொய் பேசப் பழக்கினதும் பொய்யில்லை. வீட்டில் நடப்பது வீட்டோடு இருக்கட்டும் என்று இந்த ஊரில் எல்லாத் தாயும் சொல்லுவாள், ஆனால் அதற்கு ஒத்திகை நடத்திப் பரிசு கொடுத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அந்தச் சொல்லை எழுதியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாசலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இது வரைக்கும் எனக்குத் தெரிந்த பாவம். தெரியாதது ஒன்று இருந்தது, அது போன ஞாயிறுதான் தெரிந்தது. சர்ச் முடிந்து ரெனிதா சாப்பிட வந்திருந்தாள், டெஸ்ஸா வெளியே குழலை ஊதிக்கொண்டிருந்தாள். அலன்சோ சொன்னதை மனசில் வைத்திருக்க முடியாமல் அவளிடம் சொன்னேன், அண்ணன் மாத்திரையைப் போடுவது மாதிரி போட்டு பூட்ஸுக்குள் துப்பி வைத்திருக்கிறான் என்று. அவள் முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். "இன்னும் ஷூலதான் போடறானா?" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்னும் என்றால் என்னடி அர்த்தம் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, உங்களுக்குத் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன் அம்மா என்று சொன்னாள், சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

ராத்திரி ஷிப்டுக்கு நான் மீன் ஆலைக்குப் போகுமுன் உங்கள் இருவர் வாயிலும் தும்மலுக்குப் போடும், போட்டால் தூக்கம் சொக்கும் அந்தச் சின்ன ரோஸ் மாத்திரையை வைப்பேனே, நீங்கள் பயப்படாமல் விடியும் வரை தூங்கவேண்டும் என்று. மீன் அறுக்கும் லைனில் என் பக்கத்தில் நின்ற பாதிப் பெண்கள் அதைத்தான் செய்தார்கள், ஒருத்தியிடம் இன்னொருத்தி கற்றுக்கொண்டது, யாரும் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை. வாயைத் திற என்பேன், திறப்பாய், நாக்கைத் தூக்கு என்று சொல்லத் தோன்றியதில்லை. முழுங்கிட்டியா என்பேன், ஆச்சும்மா என்பாய். அலன்சோ அந்த ஆச்சு என்ற சொல்லைச் சொன்னபோதே எனக்கு எங்கேயோ உறுத்தியது, எங்கே என்று பிடிபடவில்லை. நீ ஒரு நாளும் முழுங்கவில்லை என்று ரெனிதா சொன்னாள். நாக்குக்கு அடியில் வைத்திருந்து, நான் தெருமுனையில் ஆலை வேனில் ஏறியதும் துப்பி, உன் சர்ச் ஷூவின் நுனியில் திணித்துவைப்பாயாம். குட்டிப் பெண் அவள், முழுங்கிவிட்டுக் கட்டை மாதிரி தூங்குவாளாம். ஹோலிஸ் குடித்துவிட்டு வருகிற வண்டிச் சத்தம் தூரத்தில் கேட்டதும் நீ அவளைத் தூக்கிக்கொண்டு பின் ஜன்னல் வழியாக இறங்கி, செங்கல் தூண்மேல் நிற்கிற நம் வீட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாயாம். ரெனிதா சொன்னது இதுதான். "பாதித் தூக்கத்துல முழிச்சா அண்ணன் மடியில கெடப்பேன்மா. மேல பலகைல ஹோலிஸ் நடக்கற சத்தம் கேக்கும், பெல்ட்ட உருவிக்கிட்டு எங்கள தேடுவாரு. அண்ணன் என் காத ரெண்டு கையாலயும் மூடிக்குவான். அவன் காத மூட யாருமில்ல. அவனும் மாத்திரய முழுங்கியிருந்தா என்னை யாரு தூக்கறது?"

சனிக்கிழமை காலையில் துணி துவைக்க எடுத்தால் உங்கள் படுக்கை விரிப்பில் மண் இருக்கும். கறுப்பு மண், ரெனிதாவின் தலைமுடியில்கூட இருக்கும். கால் கழுவாம படுக்கறியா பன்னிக்குட்டி என்று உன் காதைத் திருகுவேன். மறந்துட்டேம்மா என்பாய். நீயே துவை, அப்போதாவது புத்தி வரட்டும் என்று அந்த விரிப்பை உன் கையில் கொடுத்து, நான் தூங்கப் போய்விடுவேன். நீ தொட்டிக்குள் நின்று காலால் மிதித்து மிதித்துத் துவைத்தது என் கண்ணுக்கு இப்போது தெரிகிறது. அந்த மண் எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். கெளுத்தி மீனைத் தொட்டே அதற்குள் முள் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவேன், என் பிள்ளை படுத்த இடத்தில் கிடந்த மண்ணைப் பார்த்து எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. தெரியாமல் போயிற்று என்று எழுதினால் அதுவும் பாதிப் பொய். ஹோலிஸ் அடிப்பான் என்று தெரியும், தொப்பியை வைத்துக்கொண்டு நான் கேட்ட கேள்விகளே அதற்குச் சாட்சி. வீடு அவனுடையது, அவனை விட்டால் உங்களை வைத்துக்கொள்ள எனக்கு ஒரு கூரை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூங்குகிற பிள்ளைகளை அடிக்கமாட்டான் என்றும் சொல்லிக்கொண்டேன், அதனால்தான் உங்களைத் தூங்கவைத்தேன். அவன் செத்துப் பல வருஷம் ஆகிறது, அவனை ஏசிக் கொட்ட எனக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் அவனை ஏசினால் மனசு கொஞ்சம் லேசாகிவிடும், அந்த லேசு எனக்கு வேண்டாம்.

இதற்கெல்லாம் உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை லவான். கேட்டால் நீ உடனே பரவால்லம்மா என்பாய், அதுவும் டீ கேக்குக்காகச் சொல்கிற பதில் மாதிரிதான். நான் கேட்பது வேறு. வியாழக்கிழமை அந்த நர்ஸ் மார்லிஸ் முன்னால் உட்காரும்போது உள்ளதைச் சொல். மாத்திரையை நீ சாப்பிடவில்லை என்று சொல், டாக்டர் அது தெரியாமல் உன் உடம்புக்கு எதையாவது எழுதிவிடப்போகிறார். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால் வீட்டுக்கு அடியில் உட்கார்ந்ததைச் சொல். யார் அடித்தது என்றால் அவன் பெயரைச் சொல், யார் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது என்றால் வெர்னெல் டூலி என்று என் முழுப் பெயரைச் சொல், எழுத்துக்கூட்டியும் சொல். என்னைக் காப்பாற்ற நீ சிரித்தது போதும். அவள் உன்னை எங்கேயும் கொண்டுபோக வந்தவள் இல்லை. உனக்குச் சொல்ல வரவில்லை என்றால் இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திரு, அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. இன்னொன்று, உன் மாத்திரையை ராத்திரி போடவேண்டும் என்று யார் வைத்தது? ராத்திரியில் வாயில் மாத்திரையை வைத்துக்கொண்டு யாராவது முழுங்கு என்று பார்த்தால் உன் தொண்டையில் அது எப்படி இறங்கும், உன் உடம்பு அதை ஒரு நாளும் இறக்கிப் பழகவில்லையே. காலையில் போடலாமா என்று கேள். இங்கே மருந்துக் கடைப் பெண்ணிடம் யாருக்கு என்று சொல்லாமல் கேட்டேன், நாளுக்கு ஒரே ஒரு வேளை போடுகிற மாத்திரை என்றால் பெரும்பாலும் காலையில் போடலாம், ஆனால் அவர் டாக்டரைத்தான் கேட்கவேண்டும் என்றாள். வெளிச்சத்தில் போடு, முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போடு. அலன்சோ உன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டாம், அவனிடம் நான் சொல்லிவிட்டேன்.

மீன் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு, உன்னிடம் சொல்லியிருக்கிறேனோ என்னவோ. ஷிப்ட் முடிந்தது என்று மணி அடித்தாலும் லைனை விட்டு நகரக் கூடாது, மீன் வந்துகொண்டே இருக்கும். அடுத்த ஷிப்டுக்காரி பின்னால் வந்து நின்று தோளைத் தட்டி, நான் பாத்துக்கறேன் போ என்று சொன்னால்தான் கத்தியைக் கீழே வைக்கலாம். ஒரு தடவை எனக்கு ஆள் வரவேயில்லை, இரண்டு ஷிப்டும் நானே நின்றேன், வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் என் கை மீன் அறுத்துக்கொண்டே இருந்தது. உன்னை நினைக்கும்போது எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வருகிறது. உனக்குத் தோளைத் தட்ட ஆள் வரவே இல்லை, வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி இன்னும் நின்றுகொண்டே இருக்கிறாய். ஹோலிஸ் மண்ணுக்குள் இருக்கிறான். ரெனிதாவுக்குச் சொந்த வீடு இருக்கிறது, கதவில் இரண்டு பூட்டு இருக்கிறது, கட்டிலில் அவள் மகள் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள், யாரும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதில்லை.

டெஸ்ஸாவின் பள்ளி மூடியதும் நான் அங்கே வருகிறேன், இனிமேல் பனியைச் சாக்குச் சொல்லமாட்டேன். அதுவரை ரெனிதாவின் அன்பும் டெஸ்ஸாவின் முத்தமும், நம் சபை உன் கால்களுக்காகச் செய்கிற ஜெபமும் உனக்கு இருக்கட்டும், ஜெபத்தை உடம்பில் எந்த இடத்துக்கு அனுப்புவது என்று கர்த்தருக்குத் தெரியும். அலன்சோவுக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல், இனிமேல் மிஸ் வெர்னெல் என்று கூப்பிடவேண்டாம், அம்மா என்று கூப்பிட்டால் வாய் ஒன்றும் சுட்டுவிடாது என்றும் சொல். காதை மூடுகிற தொப்பி இல்லாமல் வெளியே போகாதே. வியாழக்கிழமையை மறக்காதே. என்மேல் கோபம் வந்தால் அடக்காமல் எழுது, எத்தனை பக்கம் எழுதினாலும் உட்கார்ந்து படிக்கிறேன். கண்ணை மூடிக்கொள் மகனே, உன் பின்னால் வந்து நிற்கிறேன், இதோ உன் தோளைத் தட்டுகிறேன். நான் பாத்துக்கறேன். நீ போய்த் தூங்கு.

ஷிப்டுக்கு ரொம்பத் தாமதமாக வந்து சேர்ந்த உன் அம்மா,
வெர்னெல் டூலி